பதக்கம் ஒட்டிய புத்தகங்களில் யார் வீட்டுப் பிள்ளைகள்?

முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய வயதில் ஒருவர் ஓராண்டாகக் குழந்தைப் புத்தகங்களாக வாசித்துக்கொண்டிருந்தால் நெறியாளருக்குக் கவலை வருவது நியாயம்தான். விடுதி அறையில் என் மேசையைப் பார்க்கிறவர்கள் "யாருக்கு வாங்கினீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத்தான். அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் பெற்ற நூல்கள் அனைத்தையும் 1922 முதல் ஆண்டு வரிசையில் வாசித்துவிடுவது என்று எனக்கு நானே ஒரு சவால் வைத்துக்கொண்டேன். 2025 வரை மொத்தம் 104 நூல்கள். வரிசையில் 1981 வரை வந்திருக்கிறேன். பொறுமை இல்லாமல், பின்னால் வரும் சிலவற்றையும் முன்கூட்டியே படித்துவிட்டேன்.

ஏன் இந்த வேலை? ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அதன் அரசியல் சாசனத்தில் தேடலாம், நீதிமன்றத் தீர்ப்புகளில் தேடலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. தன் பிள்ளைகளின் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுத்து "இதுதான் ஆகச் சிறந்தது, படி" என்று சொல்கிறது என்று பார்ப்பது. பெரியவர்களுக்கான இலக்கியத்தில் மழுப்ப இடமுண்டு. பிள்ளைகளுக்கான புத்தகத்தில் நல்லவர் யார், அழகானவர் யார், வீடு யாருடையது, வேலைக்கு வருபவர் யார் என்பதையெல்லாம் பளிச்சென்று சொல்லியாக வேண்டும். அங்கே ஆதிக்கம் தன்னை மறைத்துக்கொள்ள மெனக்கெடுவதில்லை.

ஜான் நியூபெரி பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் புத்தக வணிகர். பிள்ளைகளுக்கென்று தனியாகப் புத்தகம் போட்டு விற்கலாம் என்று கண்டுகொண்டவர்களில் முதன்மையானவர். அவர் பெயரில் ஒரு விருது வேண்டும் என்று 1921இல் ஃபிரெடெரிக் மெல்ச்சர் முன்மொழிய, அமெரிக்க நூலகச் சங்கம் 1922இல் முதல் பதக்கத்தை வழங்கியது. உலகின் முதல் சிறார் நூல் விருது என்று இதைச் சொல்வார்கள். பதக்கம் பெற்ற நூலின் அட்டையில் ஒரு தங்க வட்டம் ஒட்டப்படும். அந்த வட்டம் விழுந்துவிட்டால் போதும், ஊர் ஊராக நூலகங்கள் வாங்கும், பள்ளிகள் வாங்கும், தலைமுறை தாண்டியும் அச்சில் இருக்கும். ஆகவே, இது வெறும் பாராட்டு அல்ல. எந்தக் கதை அழியாமல் இருக்க வேண்டும் என்ற முடிவு.

முதல் பதக்கம் ஹென்ட்ரிக் வில்லெம் வான் லூன் எழுதிய 'மனித குலத்தின் கதை' நூலுக்கு. தலைப்பு என்னவோ மனித குலம். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐரோப்பா. புத்தரும் கன்ஃபூசியஸும் ஒரே அத்தியாயத்தில் இடநெருக்கடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஹியூ லாஃப்டிங்கின் 'டாக்டர் டூலிட்டிலின் கடற்பயணங்கள்'. விலங்குகளின் மொழி தெரிந்த அந்த மருத்துவரைத் திரைப்படங்கள் வழியாகப் பலருக்குத் தெரியும். நூலில் அவர் ஒரு தீவுக்குப் போகிறார். அங்குள்ள பூர்வகுடிகளுக்கு நெருப்பு மூட்டக்கூடத் தெரியாது. டாக்டர் கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் அவரையே அரசராக்கிவிடுகிறார்கள். இங்கிலாந்துக்குப் படிக்க வந்த ஆப்பிரிக்க இளவரசன் பம்போ பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களைத் தப்பும் தவறுமாக உதிர்த்துச் சிரிப்பு மூட்டுகிறான். படிக்க வந்த கறுப்பன் என்றாலே நகைச்சுவைதான் என்று நினைத்த காலம். (நம்மூர்த் திரைப்படங்களில் 'கோட்டா'வில் வந்தவன் என்று ஒரு பாத்திரத்தைக் கேலிக்கு வைப்பதில்லையா, அதன் கொள்ளுத்தாத்தா இந்தப் பம்போ.) லாஃப்டிங் இறந்து நாற்பதாண்டுகள் கழித்து, 1980களின் இறுதியில்தான் டூலிட்டில் நூல்களில் உள்ள இனவாதப் பகுதிகளைப் பதிப்பாளர்கள் நீக்கித் திருத்தினார்கள்.

இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வாசிக்கத் தொடங்கினேன். எதிர்பாராதது 1928இல் வந்தது.

அந்த ஆண்டின் பதக்கம் தன் கோபால் முகர்ஜி எழுதிய 'கே-நெக்: ஒரு புறாவின் கதை' நூலுக்கு. வெள்ளையர் அல்லாத ஒருவர் பெற்ற முதல் நியூபெரி பதக்கம் அது. வங்கப் பார்ப்பனக் குடும்பத்தில் 1890இல் பிறந்து, ஜப்பான் வழியாக அமெரிக்கா போய், பெர்க்லியிலும் ஸ்டான்ஃபோர்டிலும் படித்தவர் முகர்ஜி. கல்கத்தாவில் ஒரு சிறுவன் வளர்க்கும் புறா, பெயர் சித்ரகிரீவன். கழுத்தில் வண்ணம் மின்னுவதால் அந்தப் பெயர். இமயமலைச் சாரலில் பறக்கப் பழகி, கோண்ட் என்னும் வயதான வேட்டைக்காரருடன் முதல் உலகப்போருக்குப் போய், பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் செய்தி சுமந்து, குண்டுச் சத்தத்தில் மனம் சிதறித் திரும்பி வருகிறது. பறக்கவே அஞ்சும் அந்தப் புறாவையும், கொலையைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் நோயுற்ற கோண்டையும் மலைமேல் உள்ள பௌத்த மடத்தின் லாமா தேற்றுகிறார். அச்சத்தை ஒரு நோயாகக் கண்டு, அதைப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி எழுதிய விதத்தில் அது நல்ல புத்தகம். அதை மறுக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

ஆனால் அது வெளிவந்த ஆண்டு 1927. அந்த ஆண்டு மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். டிசம்பர் 25 அன்று அதே மகத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. இந்தியாவின் ஆகப்பெரிய மனித உரிமைப் போராட்டம் ஒரு குளத்தங்கரையில் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்தியா என்று அறிமுகமானது புறாவும் பனிமலையும் பிரார்த்தனையும். சாதி அந்த நூலில் ஒரு சிக்கலாகத் தலைகாட்டுவதே இல்லை.

முகர்ஜிக்குச் சாதி தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் 1923இல் அவர் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பே 'சாதியும் சாதி விலக்கும்' என்று பொருள்படுவது. முதல் பாதி, பார்ப்பனச் சிறுவனாக இந்தியாவில் வளர்ந்த கதை. இரண்டாம் பாதி, அமெரிக்காவில் பாத்திரம் கழுவியும் வயலில் கூலி வேலை செய்தும் நாடோடிகளோடு அலைந்தும் படித்த கதை. சாதி விலக்கப்பட்டவர் என்று அந்தத் தலைப்பு சுட்டுவது யாரை? முகர்ஜியைத்தான். தொட்டால் தீட்டு என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட கோடிக்கணக்கான மக்களுக்கு உரிய சொல்லை, கடல் கடந்துபோன ஒரு பார்ப்பனர் தன் தனிமையைச் சொல்ல எடுத்துக்கொண்டார். அவர் பட்ட கஷ்டம் உண்மை. அந்தச் சொல் மட்டும் இரவல்.

அந்த 1927இல்தான் கேத்தரின் மேயோவின் 'மதர் இந்தியா' வெளியானது. மேயோவின் நோக்கம் வெள்ளை ஆட்சிக்கு முட்டுக்கொடுப்பது, அதில் ஐயமில்லை. முகர்ஜி உடனே ஒரு மறுப்பு நூல் எழுதி 1928இல் வெளியிட்டார். இங்கே சுயமரியாதை இயக்கத்தார் அதே நூலை வேறு கண்ணோடு வாசித்தார்கள். கோவை அய்யாமுத்து 'மேயோ கூற்று மெய்யா பொய்யா' என்று ஒரு நூலே எழுதினார். வெளியில் இருந்து வருபவர் என்ன நோக்கத்தில் சொன்னாலும், சொல்லப்பட்ட இழிவு உண்மையா என்பதுதான் அவர்களது கேள்வி. நாட்டின் மானம் போகிறது என்று பதறியவர்களுக்கும், மனிதரின் மானம் போய்க்கொண்டிருக்கிறது என்று பதறியவர்களுக்கும் இடையிலான தூரம் அது. பதக்கம் முதல் தரப்பில் இருந்த ஒருவருக்குப் போனது. இன்றுவரை இந்தியாவில் பிறந்த வேறொருவர் அந்தப் பதக்கத்தைப் பெறவில்லை. இந்திய வம்சாவளி எழுத்தாளர்களான வீரா ஹிரானந்தானியும் ராஜனி லரோக்காவும் அண்மையில் பெற்றவை அதற்கு அடுத்த படியான நியூபெரி சிறப்புத் தகுதி.

'இந்தியப் பிரதிநிதித்துவம்' என்று வெளிநாட்டில் யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்தப் புறாதான் நினைவுக்கு வருகிறது. வெள்ளையர் அல்லாதவர் என்ற ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் போட்டால் முதலில் வெளியே வருபவர் யார் என்பதற்கு 1928 ஒரு விடை. சியாட்டில் மாநகராட்சி 2023இல் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுக்க வேண்டி வந்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அடுத்த நாற்பதாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். குதிரைகள், படகுகள், முன்னோடிக் குடியேறிகள், அவர்களைத் தாக்க வரும் 'செவ்விந்தியர்கள்'. பல நூல்கள் கொட்டாவி வரவழைத்தன. 1942இல் பதக்கம் பெற்ற 'தி மேட்ச்லாக் கன்' நூலில் பூர்வகுடிகளுக்கு முகமே கிடையாது. இருட்டில் வருகிறார்கள், சுடப்படுகிறார்கள், அவ்வளவுதான். கறுப்பின மக்கள் வரும் நூல்களுக்கும் இடையிடையே பதக்கம் கிடைத்தது. ஆனால் எழுதியவர்கள் வெள்ளையர்கள். 1951இல் எலிசபெத் யேட்ஸ் எழுதிய 'ஏமஸ் ஃபார்ச்சூன், சுதந்திர மனிதன்'. பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமையாக விற்கப்பட்டு, உழைத்துப் பணம் சேர்த்துத் தன் விடுதலையை விலைக்கு வாங்கிய உண்மை மனிதரின் கதை. நூலில் அவர் பொறுமையின் சிகரம். கோபம் வராது, அவசரம் வராது. எஜமானர்கள் நல்லவர்கள். நந்தனைத் தில்லைக்கு அனுப்பி நெருப்பில் குளிப்பாட்டி ஏற்றுக்கொண்ட நம் மரபுக்கு இந்த வகை நாயகன் மிகவும் பரிச்சயமானவன்.

1970இல் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் எழுதிய 'சவுண்டர்'. வறுமையில் வாடும் கறுப்பினக் குடும்பம். பிள்ளைகளின் பசிக்காக இறைச்சி திருடிய தந்தையைக் காவலர்கள் இழுத்துப்போகிறார்கள். பின்னால் ஓடும் நாயைச் சுடுகிறார்கள். கண் கலங்காமல் படிக்க முடியாது. ஆனால் இந்த நூலில் தந்தைக்குப் பெயர் இல்லை. தாய்க்குப் பெயர் இல்லை. கதையின் மையமான சிறுவனுக்கும் பெயர் இல்லை. நாய்க்கு மட்டும்தான் பெயர், அதுதான் நூலின் தலைப்பு. பெயர் இல்லாததால் அது எல்லா ஏழைகளின் கதையாகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. இரக்கம் காட்டுவதற்குப் பெயர் தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சமமாக உட்காரவைப்பதற்குத்தான் பெயர் தேவை.

இதற்கிடையில் வெளியில் சில கேள்விகள் எழுந்துவிட்டன. 1965இல் நான்சி லாரிக் 'சிறார் நூல்களின் முழு வெள்ளை உலகம்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். புத்தகத்தில் இருப்பவர்கள் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்களே, ஏன் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்டதில் இருந்து தொடங்கும் கட்டுரை. 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 நூல்களை அவர் கணக்கெடுத்தார். ஒரே ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இடம்பெற்றவை 349. அதாவது 6.7 விழுக்காடு. எண்ணிக்கை என்பது எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் மையம் 1985இல் எண்ணத் தொடங்கியபோது, அந்த ஆண்டு வெளியான ஏறத்தாழ 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியோ வரைந்தோ இருந்தவை வெறும் 18. அதன்பின் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள், வெளியிடுகிறார்கள், வெட்கப்படவைக்கிறார்கள்.

இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. 1969இல் நூலகச் சங்க மாநாட்டில் மேபல் மெக்கிஸிக், கிளிண்டன் கிரீர் என்ற இரண்டு கறுப்பின நூலகர்கள் ஒரு பதிப்பகக் கடையில் மார்ட்டின் லூதர் கிங் சுவரொட்டிக்காகப் போட்டி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பேச்சு வளர்ந்து, ஒரு கறுப்பின எழுத்தாளருக்குக்கூட இதுவரை நியூபெரி கிடைக்கவில்லையே என்ற ஆதங்கத்தில் வந்து நிற்கிறது. அருகிலிருந்த ஜான் கரோல் என்ற பதிப்பாளர், நீங்களே ஒரு விருதைத் தொடங்கினால் என்ன என்று கேட்கிறார். தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே கொரெட்டா ஸ்காட் கிங் விருது வழங்கப்பட்டது. அந்த விருதை நூலகச் சங்கம் அதிகாரபூர்வமாக ஏற்றது பல ஆண்டுகள் கழித்துத்தான். அதுவரை அவர்கள் காத்திருக்கவில்லை.

பதக்கம் தொடங்கி 53 ஆண்டுகள் கழித்து, 1975இல் முதன்முறையாக ஒரு கறுப்பின எழுத்தாளருக்கு நியூபெரி கிடைத்தது. வர்ஜீனியா ஹாமில்டன், 'எம்.சி. ஹிக்கின்ஸ் தி கிரேட்'. இந்த ஒரு நூலுக்காகவே இந்தச் சவாலை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

ஒஹையோ மாநில மலைப்பகுதி. அடிமைத்தளையில் இருந்து கைக்குழந்தையோடு தப்பி வந்த சாரா என்ற மூதாட்டியின் பெயரால் அழைக்கப்படும் மலை. அதில் வாழும் குடும்பத்தின் மூத்த மகன் எம்.சி. நாற்பதடி உயர எஃகுக் கம்பத்தின் உச்சியில் அமர்ந்து ஊரைப் பார்ப்பது அவன் வழக்கம். மேலே சுரங்கக்காரர்கள் வெட்டிக் குவித்த மண்மேடு எப்போது வேண்டுமானாலும் சரிந்து வீட்டை மூடும் நிலையில் இருக்கிறது. இதுவரை ஒரு சூழலியல் கதை. ஆனால் அந்த மலையில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது, கில்பர்ன்கள். அவர்களும் கறுப்பினத்தவர்களே. தோல் சற்று வெளிறியது, கைக்கு ஆறு விரல். மந்திரக்காரர்கள் என்று ஊர் அவர்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. எம்.சி.யின் அப்பா ஜோன்ஸ் நல்ல மனிதர், உழைப்பாளி, வெள்ளையரின் இனவெறியில் அடிபட்ட வம்சம். அவர் அஞ்சுவது கில்பர்ன்களின் தொடுதலுக்கு. எம்.சி.யின் ஒரே நண்பன் பென் கில்பர்ன். அவர்களது நட்பு மரங்களுக்கு இடையில் ஒளிந்து ஒளிந்து நடக்கிறது.

முதன்முதலாகப் பதக்கம் பெற்ற கறுப்பின எழுத்தாளர், வெள்ளையரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி எழுதியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் எழுதியது ஒடுக்கப்பட்டவர் தனக்குள்ளே வைத்திருக்கும் தீண்டாமையை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை இவ்வளவு எளிதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்றை நான் தமிழில் தேடிக்கொண்டிருக்கிறேன். இறுதியில் எம்.சி. மண்சரிவைத் தடுக்கச் சுவர் எழுப்பத் தொடங்குகிறான். பென் வந்து கைகொடுக்கிறான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மகனைத் தடுக்காமல், சுவருக்குள் வைக்கச் சாராவின் கல்லறைக் கல்லைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவர் மாறிவிட்டார் என்று ஹாமில்டன் ஒரு வரிகூட எழுதவில்லை. சாதி இந்துக்களின் மனமாற்றத்தைக் கடைசிப் பக்கத்தில் கண்ணீரோடு முடித்துவைக்கும் நம் நீதிக்கதைகள் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இது.

இரண்டே ஆண்டில், 1977இல், மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. 1933இன் மிசிசிப்பி. பருத்திக்காட்டுக் குத்தகைக் கூலிகளுக்கு நடுவே சொந்த நிலம் வைத்திருக்கும் ஒரே கறுப்பினக் குடும்பம் லோகன் குடும்பம். 400 ஏக்கர். அதைக் காப்பாற்ற அப்பா தொலைதூர ரயில்பாதை வேலைக்குப் போகிறார். நிலம் இருப்பதால்தான் அந்தப் பிள்ளைகளால் தலைநிமிர்ந்து பேச முடிகிறது என்பதை நூல் ஓரிடத்திலும் தவறவிடுவதில்லை. பஞ்சமி நிலம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த நூலின் முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி. பள்ளியின் முதல் நாள், கறுப்பினப் பிள்ளைகளுக்கு முதன்முறையாகப் பாடப்புத்தகம் கிடைக்கிறது. ஆறு வயதுச் சிறுவன், வீட்டில் 'லிட்டில் மேன்' என்று அழைக்கப்படுபவன், அதுவும் சுத்தத்தில் பெரிய ஆள், ஆசையாக வாங்குகிறான். அழுக்கு, கிழிசல். வேறு கேட்கிறான். ஆசிரியை மறுக்கிறார். அட்டையின் உட்புறம் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது: வழங்கிய தேதி, புத்தகத்தின் நிலை, மாணவரின் இனம். பதினோரு முறை வெள்ளைப் பிள்ளைகளிடம் இருந்து, பன்னிரண்டாவது முறை, நிலை 'மிக மோசம்' என்று ஆனபிறகு இவர்களிடம் வருகிறது. இனம் என்ற இடத்தில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல். பையனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். படித்துவிடுகிறான். புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாள் "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று வகுப்பில் சொல்வார்கள். எழுந்து நிற்போம். மிச்சப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்காது. அந்த அட்டவணையில் பன்னிரண்டாவது வரியாக நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மிதிக்கத்தான் நமக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் காலனிப் பிள்ளைகளுக்கு நடக்கும் மாலைநேர வகுப்பில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கதை சொல்வேன். இந்தக் காட்சியைத் தமிழில் சொன்னேன். முடித்ததும் ஏழாம் வகுப்புப் பெண்ணொருத்தி, "அந்தப் பையன் அம்மா என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டாள். அவனுடைய அம்மா அந்தப் பள்ளியிலேயே ஆசிரியை என்றும், தாளை வெட்டிப் பசை தடவி அந்த அட்டவணைகளை எல்லாம் மூடி ஒட்டினார் என்றும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக் கைதட்டினார்கள். அம்மாவே டீச்சராக இருப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எம்.சி. கதையைச் சொன்னபோது வேறு விதமான அமைதி. "ஆறு விரல்காரங்களுக்குக் கீழயும் யாராச்சும் இருப்பாங்களாக்கா?" என்று ஒரு பையன் கேட்டான். எங்கள் ஊரில் புதிரை வண்ணார் குடும்பங்கள் இரண்டு உண்டு. அவன் எதைக் கேட்கிறான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது கதைக்கு வரும்போது ஒரு பெண் கையைத் தூக்கி, "பாவமா இல்லாத கதை ஏதாச்சும் சொல்லுக்கா" என்றாள். நல்லவேளையாக 2020இன் பதக்க நூலை முன்பே படித்திருந்தேன். ஜெர்ரி கிராஃப்ட் எழுதி வரைந்த 'நியூ கிட்'. நியூபெரி பெற்ற முதல் சித்திரக்கதை நூல். பணக்காரத் தனியார் பள்ளிக்குப் போகும் கறுப்பினச் சிறுவன் ஜோர்டன். அங்கே ஆசிரியை ஒருவர் கறுப்பின மாணவனை வேறொரு கறுப்பின மாணவனின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். மத்தியப் பல்கலைக்கழகம் எதிலாவது படித்த தலித் மாணவர்களுக்கு இந்த நகைச்சுவையில் பாதி சிரிப்பும் பாதி எரிச்சலும் வரும். அதில் ஜோர்டன் வரையும் ஒரு கேலிச்சித்திரம் முக்கியமானது. மற்ற பிள்ளைகளுக்கு நூலகத்தில் மாயாஜாலம், சாகசம் என்று விதவிதமாகப் புத்தகங்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு என்று நீட்டப்படுபவை எல்லாம் தெருச்சண்டை, ஓடிப்போன தந்தை, துயரம், விடிவு. நம்மைப் பற்றிய புத்தகமே இல்லாமல் இருந்தது ஒரு காலம். அழுவதற்காக மட்டும் நம்மைப் புத்தகத்துக்குள் அனுமதிப்பது அடுத்த காலம். இந்த நூலை டெக்சாஸ் மாநிலக் கேட்டி பகுதிப் பள்ளிகளில் இருந்து 2021இல் சில பெற்றோர் புகார் செய்து தற்காலிகமாக எடுக்கவைத்தார்கள். பிறகு திரும்ப வைத்தார்கள். சிரிக்கும் கறுப்பினப் பிள்ளை அழும் பிள்ளையைவிட அதிகம் தொந்தரவு தருகிறான் போலும். 2023இல் பதக்கம் பெற்ற அமினா லுக்மன்-டாசனின் 'ஃப்ரீவாட்டர்', தப்பியோடிய அடிமைகள் சதுப்பு நிலத்துக்குள் ரகசியமாகக் கட்டிய சுதந்திரக் குடியிருப்பைப் பற்றியது. மேலே பாலம் கட்டி ஓடி ஆடும் பிள்ளைகள். அடுத்த விடுமுறைக்கு அதுதான்.

நம் பக்கம் வருவோம். சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கெனத் தனி விருது வழங்குகிறது. தமிழில் அண்மை ஆண்டுகளில் அந்த விருது நல்ல கைகளுக்குப் போயிருக்கிறது. சிறார் மீதான பாலியல் வன்முறையைப் பேசும் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பெற்றது. 2025இல் 'ஒற்றைச் சிறகு ஓவியா' நூலுக்காக விஷ்ணுபுரம் சரவணன் பெற்றார். பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி 'கயிறு' என்ற சிறு நூலை எழுதியவரும் அவரே. மெலிந்த நூல்தான், ஆனால் சாதியைச் சாதி என்று பெயர் சொல்லிப் பேசும் நூல். ஏனெனில் தமிழ்ச் சிறார் கதைகளின் பெருவழக்கு வேறு. அம்புலிமாமா காலத்தில் 'ஒரு ஊரில் ஓர் ஏழைப் பிராமணன்'. அவனுக்கு மட்டும் சாதி உண்டு. பிறகு வந்த முற்போக்குக் காலத்தில் 'ஓர் ஏழைச் சிறுவன்'. அவனுக்குச் சாதி கிடையாது. ஊரா, சேரியா, எந்தத் தெரு, எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பான் என்று எதுவும் தெரியாது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயரில்லாச் சிறுவன்தான் இவன்.

பிஞ்சு மனதில் சாதியைப் புகுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு நாங்குநேரியைச் சுட்டிக்காட்டினால் போதும். 2023 ஆகஸ்டில் அங்கே பதினேழு வயது தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கையை முதல்வரிடம் அளித்தது. கையில் கயிறு, மோதிரம், நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. பிஞ்சு மனதில் சாதி ஏற்கெனவே வீட்டாராலும் ஊராராலும் சங்கங்களாலும் புகுத்தப்பட்டுவிட்டது. புத்தகம் மட்டும் எதுவும் தெரியாததுபோல் முயலையும் ஆமையையும் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே இரண்டு வேலைகளைத் தோழர்கள் முன் வைக்கிறேன். ஒன்று, எண்ணுவது. ஓராண்டில் வெளிவரும் தமிழ்ச் சிறார் நூல்களை எடுத்து, எத்தனையில் காலனியில் வாழும் ஒரு பிள்ளை பெயரோடு வருகிறாள், எத்தனையில் அவள் கதையை நடத்துகிறாள், எத்தனையில் சும்மா சிரித்து விளையாடுகிறாள் என்று கணக்கெடுக்க வேண்டும். நான்கைந்து ஆய்வு மாணவர்கள் சேர்ந்தால் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரும் நூல்களை வைத்தே தொடங்கிவிடலாம். எழுதியவர்களையும் எண்ண வேண்டும். அது சிலருக்குச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

இரண்டு, அந்த இரண்டு நூலகர்கள் செய்ததை நாமும் செய்வது. சாதி ஒழிப்புப் பார்வையில் எழுதப்பட்ட சிறந்த தமிழ்ச் சிறார் நூலுக்கு ஒரு விருது. தொகை சிறியதாக இருக்கட்டும். நடுவர்களில் பாதிப்பேர் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளாக இருக்க வேண்டும். எங்கள் மாலை வகுப்பில் இதைப் பேசிப் பார்த்தேன். நடுவராக இருக்க எல்லோரும் தயார். பேய்க்கதையும் சேர்த்துக்கொள்ளப்படுமா என்று கேட்டார்கள், சேரும் என்றேன். விருது வாங்குகிறவர் மேடையில் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடக் கூடாது, அவர்கள் தெருவுக்கு வந்து ஒரு முழு மாலை உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும், இரவு அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் போட்டிருக்கும் விதி. என்ன சமைப்பது என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. மாட்டுக்கறி என்பவர்கள் இப்போதைக்குப் பெரும்பான்மை.